கொல்லையில் விருந்தினர் வீடு: கட்டும் முன் பட்டாவைப் பாருங்கள்

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கென்று கொல்லையில் தனி வீடு எழுப்ப திருச்சுழி பக்கம் பலர் விரும்புகிறோம். சொந்த இடம்தானே என்று அனுமதி வாங்காமல் விடுவதும் நாம்தான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராம ஊராட்சிக்கும் பொருந்தும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கும். வரைபடத்தில் பழைய வீட்டையும் காட்டுங்கள்.

சிக்கல் பட்டாவில்தான். பல வீடுகள் மவுத்தான அத்தாவின் பெயரிலேயே கிடக்கின்றன. வாரிசுச் சான்று வாங்கி, சகோதரிகளின் பங்கைப் பேசி முடித்து, பட்டாவை மாற்றிய பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள். பாகம் பிரிக்காத மனையில் எழுப்பும் சுவர் அவர்களின் பங்கிலும் நிற்கிறது.