கரண்ட் ஏறிய கெட்டுவள்ளம்



சீசனுக்குக் குற்றாலம் வருகிற நாம் எல்லோரும் ஐந்தருவி ரோட்டில் வெண்ணமடைக் குளத்தைத் தாண்டித்தான் போயிருப்போம். அங்கே படகு குழாமில் இருப்பது மிதி படகும் துடுப்புப் படகும்தான். ஒரு முழம் ஒயர் கூடக் கிடையாது. காலில் தெம்பு இருக்கிறவரை படகு ஓடும். ஆனால் நமக்குச் சாரலைக் கொடுக்கிற அதே மலையில் ஏறி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று அந்தப் பக்கம் இறங்கிப் பாருங்கள். கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் வந்துவிடும். அங்கே ஏ.சி., ஃப்ரிட்ஜ், டி.வி., கெய்சர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படகு வீடுகள் மிதக்கின்றன. நம் பக்கத்து ஒயர்மேன்களும் டிப்ளமோ முடித்த தம்பிகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்தானே! ரயிலும் 1904லேயே கொல்லத்தையும் செங்கோட்டையையும் சேர்த்துவிட்டது. ஆகவே அந்தக் காயல் நமக்கு அந்நியம் இல்லை.

"வீட்டு வயரிங் தெரிஞ்சவனுக்குப் படகு வயரிங் என்ன பெரிய வித்தையா?" என்று பலரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் படகு மின்சாரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. மலர்க் குழு கட்டுரை கேட்டதும் அதையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு முந்தியே கப்பலுக்கு

மின்சாரம் முதலில் ஊருக்குள் வந்து, அப்புறம்தான் படகில் ஏறியது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. 1838லேயே மோரிட்ஸ் யாகோபி என்ற அறிஞர் ரஷ்யாவில் நீவா நதியில், மின்கல அடுக்கால் சுழலும் மோட்டாரை வைத்துப் படகு ஓட்டிக் காட்டினார். திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய அமில பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளான்டே உருவாக்கியது 1859ல்தான். அதாவது, நல்ல பேட்டரி வருவதற்கு இருபது வருஷம் முன்பே படகு வந்துவிட்டது!

எடிசனின் பல்பும் இப்படித்தான். நியூயார்க்கில் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1882ல். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1880லேயே, கொலம்பியா என்ற நீராவிக் கப்பலில் அவருடைய பல்புகள் எரிந்தன. அந்தக் கப்பலின் டைனமோவுக்கு வோல்ட் மீட்டர் கிடையாது. எஞ்சின் அறையில் எரிகிற பல்பின் பிரகாசத்தைக் கண்ணால் பார்த்தே ஆட்கள் டைனமோவைச் சரிபண்ணினார்கள். நம் ஊரில் லைட் மங்கினால் "வோல்டேஜ் இல்லப்பா" என்கிறோமே, அந்தக் கணக்குதான்.

1881ல் குஸ்தாவ் ட்ரூவே பாரிஸில் சேன் நதியில் மின்படகு ஓட்டினார். 1880களின் கடைசியில் லண்டன் தேம்ஸ் நதியில் மின்படகுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையங்களே இருந்தன. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் மக்களை ஏற்றிச் சுற்றின. பிறகு பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் வந்து இவற்றை ஓரங்கட்டிவிட்டன. படகில் மின்சாரம் விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் மட்டும் என்று சுருங்கிப்போனது. நம் தாமிரபரணியில் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தியே நீவா நதியில் மின்படகு ஓடியாயிற்று என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒல்லிப் படகும் கெட்டுவள்ளமும்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒருவகை ஒல்லிப் படகு உண்டு. அகலம் ஏழு அடிக்கும் கொஞ்சம் குறைவு, நீளம் எழுபது அடி வரை. கால்வாய் மடைகளின் அகலமே அவ்வளவுதான் என்பதால் படகும் அப்படி. குதிரை கட்டி இழுத்து நிலக்கரி, சரக்கு ஏற்றிய காலம் போய், ரயிலும் லாரியும் வந்ததும் பிழைப்புப் போனது. 1939ல் எல்.டி.சி. ரோல்ட் என்ற எஞ்சினியர் 'கிரெஸ்ஸி' என்ற பழைய சரக்குப் படகை வீடாக மாற்றிக் குடியேறினார். அவர் எழுதிய புத்தகம் 1944ல் வந்தது. 1946ல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கியது. சரக்குப் படகு குடியிருக்கும் வீடானது. வீடு என்றால் விளக்கு வேண்டும், பம்ப் வேண்டும், ஃப்ரிட்ஜ் வேண்டும். பேட்டரியும் கூடிக்கொண்டே போயிற்று.

கேரளத்தில் நடந்ததும் இதே கதைதான். ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியதால் அதற்குக் கெட்டுவள்ளம் என்று பேர். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தது அதுதான். ரோடும் பாலமும் வந்ததும் வள்ளத்துக்கு வேலை இல்லை. 1990களின் தொடக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்காக மூங்கில், பனம்பு கொண்டு கூரை போட்டு அதைப் படகு வீடாக்கினார்கள். கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரையுள்ள நீர்வழி 1993ல் தேசிய நீர்வழி 3 ஆனது. முதலில் ஒரு ஃபேன், இரண்டு பல்பு. பிறகு ரூமுக்கு ரூம் ஏ.சி. மரமும் கயிறும் ஓலையும் எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்த உடம்பில் இவ்வளவு ஒயர் ஏறிவிட்டது. 2020 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில் பாதிராமணல் அருகே சுற்றுலாப் பயணிகளோடு போன ஒரு படகு வீடு தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் தண்ணீரில் இறங்கி உயிர் தப்பினார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், படகில் தீ என்றால் ஓடுவதற்குத் தெரு கிடையாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

எர்த் எங்கே அண்ணாச்சி?

காயல் பக்கம் ஒரு வேலையில் நம் ஊர்த் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எர்த் குழி எங்க தோண்ட?" சிரிக்கிற கேள்வி இல்லை இது. வீட்டில் நாம் மண்ணை நம்பி வேலை செய்கிறோம். படகில் மண் இல்லை. எஞ்சின் உடம்பு, டேங்க், கெய்சர் என்று எல்லா உலோகத்தையும் ஒரு பொதுக் கட்டையில் சேர்த்துக் கட்டி, படகுக்குள்ளேயே ஒரு 'மண்ணை' உண்டாக்க வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலையும் அந்தக் கட்டையோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழ வேண்டிய ஆர்.சி.சி.பி. முதல் கசிவுக்கு விழவே விழாது. மாட்டியிருக்கிறோம் என்ற திருப்தி மட்டும்தான் மிஞ்சும். கரையிலிருந்து கரண்ட் எடுக்கும்போது கரையின் எர்த் ஒயரும் கூட வந்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் கசிவு கரண்ட் அதிக ஆபத்து. உப்புத் தண்ணீர் மனித உடம்பைவிட நன்றாகக் கடத்தும்; கரண்ட் தண்ணீர் வழியாகவே பெரும்பாலும் போய்விடும். நல்ல தண்ணீர் கடத்துவது குறைவு; அதில் நீந்துகிறவன் உடம்பே சுலபமான பாதை ஆகிவிடும். மழைக்காலத்தில் காயலில் ஆற்று நீர் நிறையும்போது இதை மறக்கக் கூடாது.

அடுத்தது வோல்டேஜ் இழப்பு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் லோடு என்று வையுங்கள். போக வர 40 மீட்டர் ஒயர். வீட்டில் போடுகிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டால் சுமார் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் 3 வோல்ட் போனால் தெரியாது. 12ல் 3 போனால் கால்வாசி போச்சு! இதையே 25 ஸ்கொயர் எம்எம்மில் இழுத்தால் இழப்பு 0.3 வோல்ட்தான். இல்லையென்றால் 24 வோல்ட்டுக்குப் போக வேண்டும். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகும், இழப்பின் சதவீதம் நாலில் ஒன்றாகும். ஒயரும் ஒற்றைக் கம்பியாக இருக்கக் கூடாது. எஞ்சின் அதிர்வில் ஒடிந்துவிடும். பல இழை ஒயர்தான் தாங்கும்.

பழுது எங்கே ஒளிகிறது?

ஒரு படகில் இரவு பத்து மணிக்கு மேல் இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கூவி நின்றுவிடும். உரிமையாளர் இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டார். நாங்கள் போய் லோடு ஓடும்போதே அளந்தோம். பேட்டரி முனையில் 12.4 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.8. அப்படியென்றால் 1.6 வோல்ட் நடுவில் எங்கோ தின்னப்படுகிறது. பாசிட்டிவ் ஒயரின் இரண்டு முனைக்கும் மீட்டரை வைத்தால் 0.1தான். நெகட்டிவ் பக்கம் 1.5. டேப்பைப் பிரித்தால் உள்ளே லக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு லக்கை மாற்றி இறுக்கியதும் வேலை முடிந்தது. இரண்டு பேட்டரிச் செட்டின் காசு வீண்.

இதிலிருந்து தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பாதே. பாசிட்டிவை மட்டும் பார்க்காதே. கரண்ட் போன வழியே திரும்பியும் வர வேண்டும். நியான் டெஸ்டர் 12 வோல்ட்டில் எரியாது. மல்டிமீட்டர் இல்லாமல் படகில் ஏறாதே. லோடு ஓடும்போது சூடாகிற ஜாயின்ட்டைச் சந்தேகப்படு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. பேட்டரி வைத்த இடத்தில் காற்று போக வழி வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி ஓட்டினால் ஆயுசு குறையும்.

மறுபடியும் மின்படகு

சுற்றி வந்த கதை இப்போது தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது. கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு அது. கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் போகலாம். கூரையில் 20 கிலோவாட் தகடுகள், உள்ளே 50 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. 2020ல் அதற்கு ஓர் உலக விருது கிடைத்தது. விருதின் பேர் என்ன தெரியுமா? குஸ்தாவ் ட்ரூவே விருது! சேன் நதியில் 1881ல் படகு விட்ட அதே மனிதர்தான். 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவும் வந்தது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய பேட்டரிப் படகுகள் அதில் ஓடுகின்றன.

ஆக, இனிமேல் காயலில் விளக்குக்கு மட்டும் அல்ல, ஓட்டத்துக்கும் மின்சாரம்தான் என்றாகப் போகிறது. வேலை கூடும். பேட்டரி வோல்டேஜும் நூற்றுக்கணக்கில் ஏறும்போது ஆபத்தும் கூடும். நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டு வயரிங் பழக்கத்தோடு மட்டும் அங்கே போய் நிற்கக் கூடாது. எர்த் இல்லாத இடத்தில் எர்த் உண்டாக்குவது, லோடில் அளப்பது, நெகட்டிவைத் தேடுவது ஆகிய மூன்றையும் நம் கல்லூரி லேபிலேயே ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு பழைய பேட்டரி, நாற்பது மீட்டர் ஒயர், ஒரு மீட்டர் போதும். அந்த ஒரு வாரப் பயிற்சியைச் சங்கத்தின் பேரில் நடத்தலாம் என்பது என் யோசனை. பொதுக்குழுவில் பெரியவர்கள் இதை எடுத்துப் பேசினால், ஒயரும் மீட்டரும் நான் கொண்டு வருகிறேன்.