குகைவாசிகளும் தவ்ஃபீக் அல்ஹகீமும்

1935ஆம் ஆண்டு கெய்ரோவில் எகிப்தியத் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகத்தை அரங்கேற்றிற்று. குழுவின் தலைவர் கவிஞர் கலீல் முத்ரான். நெறியாளர் ஸக்கி துலைமாத். 1933இல் அச்சில் வந்தபோதே அறிஞர் தாஹா ஹுசைன் போற்றி வரவேற்ற நாடகம் அது. மேடையிலோ தோற்றது. ஆடலும் பாடலும் நாடிவந்த மக்கள் குகையிருளில் நிகழ்ந்த நீண்ட வாதங்களைக் கேட்கப் பொறுமையற்றுப் போயினர். நாடகத்தின் பெயர் 'அஹ்லுல் கஹ்ஃப்', அதாவது குகைவாசிகள். ஆசிரியர் தவ்ஃபீக் அல்ஹகீம்.

மக்களின் சுவையை அறியாதவரல்லர் ஹகீம். மாணவப் பருவத்திலேயே உக்காஷா சகோதரர்களின் குழுவுக்கு இசை நாடகங்கள் எழுதியவர். நாடகக்காரனுக்கு மதிப்பில்லாத காலம் அது, தந்தையோ நீதிபதி. ஆகவே குடும்பத்தார் அறியாவண்ணம் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டார். 1919இல் ஸஅத் ஸக்லூலின் பெயரால் நாடே கிளர்ந்தெழுந்தபோது அவரும் சிறைப்பட்டார். ஒருநாள் தங்க வந்து போகவே மறுக்கும் விருந்தாளியைப் பற்றி அக்காலத்தில் ஒரு நாடகம் எழுதினார். அவ்விருந்தாளி யார் என்பதை எகிப்தியருக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றுவர 1925இல் தந்தை அவரைப் பாரிஸுக்கு அனுப்பினார். 1928இல் பட்டமில்லாமலே திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளை நாடக அரங்குகளும் இசை மன்றங்களும் லூவர் அருங்காட்சியகமும் எடுத்துக்கொண்டன. இப்ஸன், பெர்னாட் ஷா, பிராந்தெல்லோ ஆகியோரைப் பயின்றார். கிரேக்கத் துன்பியலில் தோய்ந்தார். அரங்கம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று, சிந்தனைக்கும் உரியது என்ற எண்ணம் அங்கே வேரூன்றிற்று. தம் நாடகங்கள் உள்ளத்தின் மேடையில் நடப்பவை என்று பிற்காலத்தில் அவரே கூறிக்கொண்டார். 1935இல் கண்ட தோல்வியின் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆயின் கற்றதை அப்படியே கொணர்ந்து அரபு மொழியில் ஒட்டவைக்க அவர் உடன்படவில்லை. கிரேக்க நாடகத்தில் மனிதன் விதியோடு போராடுகிறான். அவ்விதியின் இடத்தில் காலத்தை வைத்தார் ஹகீம். கதையையோ, வெள்ளிதோறும் ஓதப்பெறும் 'அல்கஹ்ஃப்' அத்தியாயத்திலிருந்து எடுத்தார். முந்நூறு ஆண்டும் மேலும் ஒன்பதும் உறங்கி எழுந்தோர் வரலாறு, திருமறையில் மறுமைக்குச் சான்றாக நிற்கிறது. ஹகீமின் கையில் அது வேறு வினாவாகிறது: எழுந்தவன் வாழ முடியுமா? இடையன் யம்லீகா ஊரைக் கண்டதுமே அது தன் ஊரன்று என உணர்ந்து குகைக்குத் திரும்புகிறான். மர்னூஷ் மகனைத் தேடிச் செல்கிறான். அம்மகனோ அறுபது வயதில் இறந்து மண்ணாகி நெடுங்காலம் ஆயிற்று! மிஷ்லீனியாவைக் காதல் சிறிது நேரம் பிடித்துவைக்கிறது. முடிவில் அவனும் குகைக்கே மீள்கிறான்.

நூற்றாண்டுகளின் உறக்கத்திலிருந்து விழித்துக்கொண்டிருந்த எகிப்தில் இது எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. அயலாட்சி, புதிய கல்வி, பழைய மரபு ஆகிய மூன்றுக்கும் நடுவே நின்ற தலைமுறையின் அச்சமே அக்குகை என்பது என் கருத்து. வெறும் தத்துவ விளையாட்டாக இந்நாடகத்தைக் காண்போர், அதே 1933இல் வெளிவந்த அவருடைய 'உயிர் மீண்டது' என்ற நாவலையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். அங்கே 1919இன் எழுச்சியில் எகிப்தின் தொன்மையான ஆன்மா உயிர்த்தெழுகிறது. நாவலில் நம்பிக்கை, நாடகத்தில் ஐயம். எழுதிய கை ஒன்றே. இரண்டும் உண்மையாகவே அவர் நெஞ்சில் குடியிருந்தன. ஒன்றை மற்றொன்றுக்காக அவர் பொய்யாக்கவில்லை.

கிரேக்கத் தத்துவத்தைப் பெயர்த்த அரபியர் அந்நாடகங்களை ஏன் விட்டுவிட்டனர் என்ற வினாவையும் அவர் விடவில்லை. 1949இல் வெளியிட்ட 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தின் முன்னுரையில் அதை விரிவாக ஆராய்கிறார். நிலைத்த அரங்கில் கண்டறியாத கலையை ஏட்டில் மட்டும் படித்து எவ்வாறு உணர்வது என்பது அவர் வாதம். முற்றும் ஏற்கத்தக்கதன்று, பக்தாதும் குர்துபாவும் நிலைத்த நகரங்கள்தாமே!

'உயிர் மீண்டது' நாவலை இளமையில் படித்து அதில் ஈடுபட்டோருள் ஒருவர் ஜமால் அப்துல் நாஸர். அவர் 1970இல் மறைந்தார். 1974இல் ஹகீம் அவ்வாட்சியைக் கடிந்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர், 'உணர்வு மீண்டது'.