எலி தின்ற விரல்

முற்பிறப்பின் வினை என்றனர் வைதிகர். ஊரெல்லைக்கு அப்பால் துரத்தினர் உறவினர். தொழுநோயாளியின் விரல் அழுகி உதிர்வது அந்நோயின் இயல்பே என மருத்துவரிற் பலரும் எண்ணியிருந்தனர். கிறித்தவரின் பழைய ஏற்பாடும் அவனைத் தீட்டென்றே விலக்கிற்று. ஆயினும் அந்நூலை ஏந்தி வந்தோர் அவன் புண்ணைக் கழுவினர் என்பதை மறைப்பது நேர்மையன்று.

கொல்லிமலையில் பணிபுரிந்த மிஷனரிப் பெற்றோர்க்கு 1914-இல் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலியுணர்வு மாய்கிறது. ஆணி குத்தியதை அறியாத கால், அதே புண்ணை ஊன்றி நடக்கிறது. சிதைவின் காரணம் அதுவே எனக் கண்டார்.

இரவில் படுத்தவனுக்கு விடியலில் விரலைக் காணோம்! காவலிருந்து பார்த்தனர், தின்றவை எலிகள். அதற்கு அவர்கள் தந்த மருந்து யாது? பூனை! குணமாகி வீடு திரும்பியோருடன் பூனையும் சென்றது.

காற்புண்ணுக்கும் எளிய வழியே. மாவுக்கட்டிட்டு, உடற்சுமை ஓரிடத்தில் அழுந்தாது பரவச் செய்தனர். ஆறாதென்ற புண் ஆறிற்று. மீண்டும் வராதிருக்க, மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்தளித்தனர். மேட்டுத்தெருவில் செருப்பணிந்து நடத்தல் குற்றமென்று சில சாதியாரைத் தடுத்த நாடல்லவா இது! இங்கேதான் செருப்பு மருந்தாயிற்று.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் எழுந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அப்பணியை வளர்த்தது. நீரிழிவால் உணர்விழந்த கால்களின் புண்ணுக்கு, இன்று செல்வ நாடுகளின் மருத்துவமனைகளிலும் அதே மாவுக்கட்டுத்தான் போடுகிறார்கள்.