இரண்டு வேன் வந்த இரவு

பழனி அடிவாரத்தில் மஞ்சள் போர்டு மாட்டி எஸ்டிடி பூத் வைத்திருந்தவன் நான். தைப்பூசத்தில் காவடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். லைன் ஏன் கிடைக்கவில்லை என்பதை ரிசீவர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். விட்டுவிட்டு ஒலித்தால் அந்தப் பக்கம் பேச்சில் இருக்கிறார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டில் ஆளில்லை. தடங்கள் எல்லாம் நெருக்கடி என்று பதிவுக் குரல் சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றால் நூறு தடவை சுழற்றினாலும் இல்லைதான்.

பேச்சு பாதியில் அறுந்தால்தான் வம்பு. காரைக்குடியிலிருந்து நடந்தே வந்த பெரியவர் ஒருவர், திரும்பிப் போக வேன் அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பேசினார். சொல்லி முடிக்குமுன் லைன் போய்விட்டது. "கேட்டுச்சா கேக்கலையான்னே தெரியலையே தம்பி" என்றார். மறுபடி போட்டோம், இந்த முறை எடுத்தது வேறு ஆள். இரவு இரண்டு வேன் வந்து நின்றது.

இந்தச் சங்கடத்தை ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984இலேயே எழுதி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் வேலை சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் ரிமோட் ப்ரொசீஜர் கால், சுருக்கமாக ஆர்பிசி. பதில் வந்தால் வேலை ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. கோளாறு என்று வந்தால் ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். எது என்று கேட்டவருக்குத் தெரியாது. இதை மறைக்காமல் சொன்னார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. ஒவ்வொரு அழைப்புக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் வேலையை இரண்டாவது முறை செய்யாதபடியும் பார்த்துக்கொண்டார்கள்.

செல்போன் வந்து பூத்தைத் தின்றது. அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் போட்டேன். ஆர்பிசி என்ற பெயரை நான் முதலில் பார்த்தது 2003 ஆகஸ்டில். திரையில் ஒரு பெட்டி வரும்: ஆர்பிசி சர்வீஸ் நின்றுவிட்டது, 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணையும். ரிசல்ட் பார்க்க வந்த பையன்கள் கரண்ட் கோளாறு என்று என்னோடு சண்டை. அது பிளாஸ்டர் என்ற புழு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16ஆம் தேதியே வெளியிட்டிருந்தது; போடாதது என் தப்பு. 60 விநாடிக்குள் 'ஷட்டவுன்' கட்டளையோடு 'மைனஸ் ஏ' அடித்தால் எண்ணிக்கை நிற்கும், பிறகு ஒட்டுப் போடலாம். விரல் நடுங்க அடித்திருக்கிறேன்.

பிறகு கூகுள் 2015இல் வெளியிட்ட ஜிஆர்பிசி என்ற ஆர்பிசி முறையில் பதில்களுக்கு 0 முதல் 16 வரை எண் கொடுத்தார்கள். 0 என்றால் சரி. 5, தேடியது இல்லை. 16, நீ யாரென்று நிரூபிக்கவில்லை. 7, யாரென்று தெரியும், அனுமதிதான் இல்லை. 3 வந்தால் நீங்கள் அனுப்பியதே தப்பு, திருத்தாமல் மறுபடி அனுப்பிப் பயனில்லை. 14 என்றால் அந்தப் பக்கம் எட்டவில்லை: சர்வர் ஓடுகிறதா, முகவரி சரியா, ஃபயர்வால் மறிக்கிறதா என்று பார்த்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி முயல வேண்டும்.

4தான் பெரியவருடைய வேன். கெடு முடிந்தது என்று மட்டும் அதற்குப் பொருள். வேலை அங்கே முடிந்தும் இருக்கலாம். யுபிஐயில் பணம் அனுப்பி 'பெண்டிங்' என்று நின்றாலும் இதே கதைதான். பேலன்ஸைப் பார்க்காமல் இரண்டாவது தடவை அனுப்பாதீர்கள்.