மெத்தனேட்டரின் முன்கதை

அம்மோனியா பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு மெத்தனேட்டர் சாதுவான பாத்திரம். வாயுவில் மிஞ்சிய கார்பன் மோனாக்சைடையும் டையாக்சைடையும் ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடும். இல்லாவிட்டால் அடுத்திருக்கும் இரும்புக் கேட்டலிஸ்ட் பாழ். டையாக்சைடு ஒரு சதவீதம் கூடுதலாக நழுவி வந்தால் சூடு 60 டிகிரி எகிறும். அப்போதுதான் அதன் பக்கம் ஓடுவோம்.

ஆனால் எங்கள் சீனியர்கள் பயந்தது அது குளிரும்போதுதான். 200 டிகிரிக்குக் கீழே மோனாக்சைடு உள்ளே இருந்தால் மெத்தனேட்டரின் கேட்டலிஸ்ட்டான நிக்கலோடு கூடி நிக்கல் கார்பனைல் ஆகிவிடும். கொடிய விஷம். "முதல்ல நைட்ரஜன் விட்டுக் கழுவுப்பா, அப்புறம் மத்ததப் பாரு" என்பார்கள்.

இந்த விஷம்தான் மெத்தனேட்டருக்கே பாட்டன் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. இங்கிலாந்தில் லுட்விக் மோண்ட், தம் ஆலையில் நிக்கல் வால்வுகள் ஏன் அரிக்கின்றன என்று ஆராயப் போய், 1890இல் கார்பனைலைக் கண்டார். கெட்டியான உலோகம் வாயுவோடு ஆவியாகப் பறந்தது! துலூஸ் நகரப் பேராசிரியர் பால் சபாத்தியே யோசித்தார்: மோனாக்சைடு நிக்கலோடு ஒட்டுமென்றால் எத்திலீன் ஒட்டாதா? அதற்குள் பாரிஸில் வேதியியலாளர்கள் முவாசானும் மூருவும் அசெட்டிலீனை நிக்கல்மேல் விட்டுப் பார்த்திருந்தார்கள். பெரிய இடம், மேலே தொடரப்போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டே சபாத்தியே இறங்கினார். 1897இல் சூடான நிக்கலைத் தாண்டி எத்திலீன் போனது. வந்த வாயுவில் ஈத்தேன் இருந்தது. ஹைட்ரஜனைக் கைமாற்றிக் கொடுக்கும் தரகு வேலையை நிக்கல் செய்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1902இல் கார்பன் டையாக்சைடும் மீத்தேனானது: ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன்.

சபாத்தியே கேட்டலிஸ்ட் செய்த விதம் எளியது. குழாயில் நிக்கல் ஆக்சைடு, அதன்மேல் 300 டிகிரி வாக்கில் ஹைட்ரஜன். மிஞ்சும் பொடியில் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். சூடு மீறினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மந்தமாகிவிடும். கந்தகம் துளி பட்டாலும் செத்துப்போகும். எங்கள் மெத்தனேட்டருக்கு டிரம்மில் வந்ததும் அலுமினாவில் ஏற்றிய ஆக்சைடுதான். பாத்திரத்துக்குள் கொட்டிய பிறகுதான் ஹைட்ரஜன் விட்டு நிக்கலாக்குவோம். கேட்டலிஸ்ட் விஷயத்தில் நாங்கள் பயப்பட்டதும் காற்று, சூடு, கந்தகம் என்ற இதே மூன்றுக்குத்தான்.

இத்தனையிலும் சபாத்தியேவுடன் நின்றவர் சாந்தெரான்ஸ் என்ற பாதிரியார். 1912 நோபல் பரிசை சபாத்தியேவும், வேறொரு வேலைக்காக கிரின்யாரும் பகிர்ந்துகொண்டார்கள். பாதிரியாருக்குப் பங்கில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. டையாக்சைடை மீத்தேனாக்கும் வினைக்கும் சபாத்தியே பெயரே நிலைத்தது.