பரிசோதனைக்குப் பிறகு என்ன?

கொரோனா காலத்து அறிவுறுத்தல்கள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். கையைக் கழுவு, முகக்கவசம் போடு, ஒரு மீற்றர் தள்ளி நில், காய்ச்சல் இருமல் எண்டால் பிஎச்ஐக்கு அறிவி. ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து இதைத்தான் சொல்லிக்கொண்டு போவினம். எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினது ஞாபகம் இருக்கு. பதினாலு நாளில அதைக் கிழிச்சாச்சு. ஆனால் அந்த வீட்டுக்காரரோட சனம் பழையபடி கதைக்கக் கனகாலம் எடுத்தது.

பிசிஆர் பரிசோதனை கேட்பது உண்மையில் பெரிய விசயம். 'நீயாக வந்து உன்னைக் காட்டிக்கொடு' என்று அது மனிதரிடம் கேட்கிறது. காட்டிக்கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் சனம் வரும். 2020இல் இலங்கையில் அதை ஒரு வர்த்தமானி தீர்மானித்தது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பிஎச்ஐமார் கையில் இருந்த அதிகாரம் புதிதல்ல, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. பம்பாயில் பிளேக் பரவிய காலம் அது. கப்பலில் வருகிறவர்களையும் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரையும் மறித்துச் சோதிப்பதே அன்றைய ஆட்சியின் கவலை. பின்னர் மண்டபம் முகாமில் மலையகத் தமிழரின் முன்னோர் அடைத்து வைக்கப்பட்டுத்தான் இங்கே அனுப்பப்பட்டார்கள். சோதிக்கப்படுகிறவரிடம் யாரும் ஒன்றும் கேட்காத காலத்துச் சட்டம் அது. அதன் கீழ்தான் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியும் வந்தது: கொவிட் தொற்றால் இறந்தவரின் உடலை 800 முதல் 1200 பாகை செல்சியசில், குறைந்தது முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்க வேண்டும்.

மார்ச் மாத இறுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட முதல் வழிகாட்டலில் அடக்கம் செய்யவும் அனுமதி இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் ஏற்றது. சில நாளிலேயே இங்கே அது மாறிவிட்டது. நிலத்தடி நீருக்கு ஆபத்து என்றார்கள். 2003இல் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்ட குழுவில் இருந்த மலிக் பீரிஸ், எங்கட நாட்டு விஞ்ஞானிதான், அடக்கத்தால் அப்படி ஆபத்தில்லை என்றார். ஆர் கேட்டது?

ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியும் பேலியகொட மீன்சந்தைக் கொத்தணியும் வந்தன. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் பூட்டப்பட்டன. நெருக்கமான தொடர்மாடிகள், நாட்கூலி வீடுகள். நவம்பரில் கொழும்பில் வீட்டிலேயே இறந்தவர்களின் செய்தி அடிக்கடி வந்தது. இறந்த பிறகு பிசிஆர் செய்து தொற்று என்று அறிவிப்பார்கள். ஒவ்வொருவரும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஒரே காரணம் சொல்ல ஏலாது. ஆனால் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் இடத்தில் நின்று யோசியுங்கோ. வாப்பாவுக்கு மூச்சு முட்டுது. கூட்டிக்கொண்டு போனால் தொற்று என்பார்கள். மௌத்தானால் ஜனாஸா திரும்பி வராது, சாம்பல்தான். நீங்கள் கூட்டிக்கொண்டு போவீர்களா? ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2021 ஜனவரியில் இதே ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: பாகுபாட்டுக்குப் பயந்து வறிய சனம் அரச மருத்துவத்தை நாடாமல் விடும் என்று.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. ஒரு கிழமை கழித்து, பிறந்து 20 நாளான குழந்தையொன்று எரிக்கப்பட்டது. பெற்றோர் இருவருக்கும் தொற்று இல்லை. பொரளை கனத்தை மயானத்தின் இரும்புக் கதவில் சனம் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டியது, கபன் துணியின் நினைவாக. அதிகாரிகள் கழட்டினார்கள், பிறகு வேறு இடங்களிலும் கட்டினார்கள். அந்த மாத இறுதியில் அரசே நியமித்த நிபுணர் குழு அடக்கத்தையும் அனுமதிக்கலாம் என்று சொன்னது. அதன் பிறகும் இரண்டு மாதம் எரித்தார்கள்.

2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. அடக்கத்துக்கு முதலில் சொன்ன இடம் இரணைதீவு. 1992இல் துரத்தப்பட்டு, 2018இல்தான் தங்கள் தீவுக்குத் திரும்பிய மீனவச் சனத்தின் நிலம். அவர்கள் கறுப்புக்கொடி பிடித்தார்கள். இதைத் தமிழர் முஸ்லிம்களுக்கு எதிராகக் கிளம்பினதாகக் காட்டச் சிலர் ஆசைப்பட்டார்கள். இரண்டு காயப்பட்ட சமூகங்களை ஒரு மயானத்துக்காக முட்ட விட்டது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் மார்ச் 5இல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பிலிருந்து இராணுவக் காவலோடு உடல்கள் மட்டக்களப்பு மாவட்டம் வரை போகும், கூட இரண்டொரு உறவினர். சொந்த ஊரில் புதைக்க இன்னும் ஒரு வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசின் கணக்கு. ஓட்டமாவடியில் 3,600க்கு மேற்பட்டோர் படுத்திருக்கிறார்கள். பெரும்பான்மை முஸ்லிம்கள். பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், ஒரே வரிசையில், நம்பர் போட்ட கற்களுக்குக் கீழே.