இறுதியா, எல்லையா?

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூலில் ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்று இருப்பதை இலங்கை மாணவர்கள் ‘எல்லைப் பயன்பாடு’ என்று படிக்கிறார்கள். கருத்து ஒன்றுதான், பெயர் இரண்டு.

லாரித் தண்ணீர் வரும் தெருவில் ஒரு வீட்டுக்கு எட்டுக் குடம் கிடைக்கிறது. முதல் குடம் குடிக்க, அடுத்தது உலைக்கு, பிறகு குளிக்க, துணி அலச. எட்டாவது குடம் வாசல் தெளிக்க. வழியில் ஒரு குடம் கொட்டிவிட்டால் யாரும் குடிக்காமல் இருந்துவிடுவதில்லை. வாசல்தான் அன்று காய்ந்து கிடக்கும். ஆகவே எட்டுக் குடம் உள்ள வீட்டில் எந்தக் குடத்தை இழந்தாலும் இழப்பு வாசல் தெளிக்கும் அளவுதான். நான்கே குடம் வந்த நாளில் அதே தண்ணீரின் மதிப்பு எங்கோ உயர்ந்துவிடும்.

கடைசிக் குடம் தரும் இந்தப் பயனின் அளவுக்கு 1871-இல் ஆங்கிலேயப் பொருளியலார் ஜெவன்ஸ் வைத்த பெயரில் ‘ஃபைனல்’ என்ற சொல் இருந்தது. நம் ‘இறுதிநிலை’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. 1884-இல் ஆஸ்திரியரான வீசர் ‘கிரென்ஸ்நுட்சென்’ என்றார். கிரென்ஸ என்றால் ஜெர்மனில் எல்லை; நுட்சென் என்றால் பயன். இலங்கைத் தமிழ் இதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தி நிற்கிறது. 1888-இல் ஆங்கிலேயரான விக்ஸ்டீட் இதை ஆங்கிலத்தில் ‘மார்ஜினல்’ ஆக்கினார். ஆங்கிலேயப் பொருளியலார் மார்ஷலின் பொருளியல் நூல் 1890-இல் வந்தபின் அந்தச் சொல்லே நிலைத்தது. பள்ளி நோட்டில் கோடு போடுகிறோமே, அந்த மார்ஜின்தான். லத்தீனில் அதற்கு விளிம்பு என்று பொருள்.

என் மனம் ‘எல்லை’ பக்கம்தான். இன்னொரு குடம் வந்தால் எல்லை தள்ளிப்போகும், ஒன்று குறைந்தால் உள்ளே வரும். ‘இறுதி’ என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் விழுந்துவிடுகிறது. ஜெவன்ஸே கடைசியாக வந்த அளவை மட்டும் சொல்லவில்லை. அடுத்து வரக்கூடிய சிறு அளவையும் சேர்த்தே சொன்னார்.

பெயரின் பின்பாதியில் இரு நாட்டு நூல்களும் ஒன்றுபடுகின்றன. அங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். பயன் என்றால் தமிழில் நன்மை. பொருளியலார் அளப்பதோ விருப்பம் நிறைவேறுவதை. அது நல்லதா கெட்டதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. சிகரெட்டுக்கும் பயன்பாடு உண்டு என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் திகைப்பது நியாயம். இந்தக் குழப்பம் ஐரோப்பியருக்கும் இருந்தது. மார்ஃபின் பழகியவருக்கு அது தேவைதான், ஆனால் கேடு என்று எடுத்துக்காட்டியவர் இத்தாலியப் பொருளியலார் பரேட்டோ. விருப்ப நிறைவுக்கென்றே தனிச்சொல் வேண்டும் என்று 1896-இல் ‘ஒஃபெலிமித்தே’ என்ற சொல்லைப் படைத்தார். அமெரிக்கரான இர்விங் ஃபிஷர் 1918-இல் ‘வேண்டப்படும் தன்மை’ என்ற பொருளில் ‘வாண்டபிலிட்டி’ என்றார். இரண்டும் வேரூன்றவில்லை.

பரேட்டோ தன் சொல்லை ‘ஓஃபெலிமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். கிரேக்கத்தில் அதற்குப் பொருள், பயனுள்ளது.